பாட்டியின் பட்டு, தாத்தாவின் ரேஸர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய காலத்து உடை, ஒப்பனை, வாசனை ஆகியவற்றை இன்றைக்கு எடுத்து அணிந்துகொள்வது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரு பெட்டியைத் திறந்த கையோடு எழுதப்பட்டவை. பெரியவர்கள் விட்டுச் சென்ற ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வதா, பத்திரப்படுத்துவதா என்பதே பலருடைய கேள்வி. ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

*

என் பாட்டியின் முகூர்த்தப் பட்டு என்னிடம் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு எடுத்தது. அரக்கு நிற உடல், பச்சைக் கரை. தம்பியின் திருமணத்துக்கு அதைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆனால் சில மடிப்புகளில் நூல் விட்டிருக்கிறது. கட்டலாமா? ரவிக்கையையும் அந்தக் காலத்துப் பாணியில் தைத்துக்கொள்ள விரும்புகிறேன்.
— ஒரு வாசகி, காரைக்குடி

கட்டலாமா என்பதைப் புடவையிடமே கேட்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே, இரண்டு பேராகப் புடவையை விரித்துப் பிடித்து, கரையோரத்திலிருந்து முந்தானை வரை மெல்ல நகர்த்திக்கொண்டே பாருங்கள். மடிப்புக் கோட்டில் மட்டும் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் புடவை பிழைத்துக்கொள்ளும். மடிப்பு இல்லாத இடத்திலும் துணி வலுவிழந்து, விரலால் லேசாக இழுத்தாலே நூல் பிரிந்தால், அதைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது கிழிவது உறுதி. கொசுவத்தைச் செருகும் இடமும் உட்காரும் இடமும்தான் முதலில் விடும்.

மடிப்பில் மட்டும் ஏன் விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த உலோகம், தான் சுற்றியிருக்கும் பட்டையும் பக்கத்து இழையையும் மெல்ல அறுத்துவிடுகிறது. அதனால்தான் நம் வீடுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டுப் புடவைகளை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்தார்கள். இரும்பு ஹேங்கர், பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்டு மூன்றையும் விலக்குங்கள்; ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கஞ்சி போடாத பழைய வேட்டியில் சுற்றி வைத்தால் போதும். அந்துருண்டை வைப்பதாக இருந்தால் தனியாகத் துணியில் முடிந்து வையுங்கள். ஜரிகையில் படவே கூடாது.

உங்கள் புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். காஞ்சிபுரத்தில் இதைக் கோர்வை என்பார்கள். குறுக்கே போகும் ஊடு நூலைக் கொண்டு செல்லும் மூன்று நாடாக்கள் தறியில் ஓட, நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து உதவ, உடலின் ஊடும் கரையின் ஊடும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். இப்படி நெய்த புடவையில் உடல் தேய்ந்த பிறகும் கரை திடமாக நிற்பதுண்டு. ஆகவே உடல் தாங்காது என்று தெரிந்தால், கரையையும் முந்தானையையும் பிரித்துப் புதிய பட்டில் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜரிகைக்குப் பணம் தருகிறோம் என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். அவர்கள் வெள்ளிக்காக அதை உருக்குவார்கள், நெசவு சாம்பலாகிவிடும்.

ரவிக்கையைப் பொறுத்தவரை, அந்தக் காலத்துப் புடவைகள் பலவற்றில் ரவிக்கைத் துணி சேர்ந்து வருவதில்லை. கடையில் தனியாக ‘வாயில்’, ‘டூ பை டூ’ போன்ற பருத்தித் துணியை எடுத்துத் தைத்துக்கொண்டார்கள். எனவே உங்கள் புடவைக்குக் கரையின் பச்சையில் ஒரு நல்ல பருத்தித் துணி எடுத்தாலே பாணி சரியாக அமைந்துவிடும். பட்டு ரவிக்கையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐம்பதுகளின் பஃப் கை வேண்டுமென்றால் தையற்காரரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். சுருக்கம் தோளின் உச்சியில் மட்டும் வர வேண்டும், கையைச் சுற்றி வரக் கூடாது. கை முழங்கைக்கு மேலேயே முடிந்து, ஒரு பட்டையால் பிடிக்கப்பட வேண்டும். சுருக்கம் நிற்பதற்காக உள்ளே முரட்டு நெட் துணி வைக்கக் கூடாது. இன்றைய திருமண ரவிக்கைகளில் அந்த நெட் துணியால்தான் கை பலூன் போல நிற்கிறது. அன்றைய கை அப்படி நின்றதில்லை, காற்றுப் பட்டால் அமுங்கியது. கழுத்தின் பின்புறத்தை ஆழமாக இறக்கி முடிச்சும் குஞ்சமும் தொங்கவிடுவது வேறொரு காலத்துப் பழக்கம். இரண்டையும் ஒரே ரவிக்கையில் சேர்த்தால் எதுவும் தெரியாமல் போகும்.

*

எனக்கு 24 வயது. ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் வருவது போன்ற, இடுப்புக்கு மேலே ஏறிய, தொளதொள பேண்ட் தைத்துக்கொள்ள நினைக்கிறேன். தையற்காரர் ‘பழைய மாடல்’ என்று சிரிக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சிரிக்கட்டும்; ஆனால் அளவெடுக்கும்போது வாயால் விளக்காமல் அளவாகவே சொல்லுங்கள். இன்றைய பேண்ட் இடுப்பெலும்பில் நிற்கிறது, நீங்கள் விரும்புவது தொப்புளில் நிற்க வேண்டும். கால்கள் பிரியும் தையலிலிருந்து இடுப்புப் பட்டையின் மேல்விளிம்பு வரை முன்பக்கம் சுமார் 11 அல்லது 12 அங்குலம் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவைத் தொப்புளின் மட்டத்திலேயே எடுக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் பேண்ட் நழுவிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மடிப்புகள் வைக்கலாம். அந்த மடிப்பு வெறும் அலங்காரமில்லை: உட்காரும்போது இடுப்பு விரிவதற்கான துணி அதில்தான் இருக்கிறது. தெரிந்தவர் யாரிடமாவது நன்றாக விழும் பழைய பேண்ட் ஒன்று இருந்தால் அதையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது எல்லா விளக்கத்தையும் விட நல்லது.

காலின் அடியில் வெளிப்புறமாக மடித்துத் தைப்பதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. இடையில் ஆண்களின் பேண்டில் அடிமடிப்பு வைப்பதற்கே தடை விதித்தார்கள். அதை வெறுத்த ஆண்கள், நீளம் அதிகமான பேண்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். போருக்குப் பிந்தைய படங்களில் அடிமடிப்பும் அகலமான காலும் அவ்வளவு தாராளமாகத் தெரிவதில் அந்தப் பஞ்சத்தின் எதிரொலியும் இருக்கிறது.

துணி விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். டெரிலின், 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியஸ்டர் இழை. நம் ஊருக்கு வந்தபோது, கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்பதற்காகவே அதை மாப்பிள்ளைத் துணியாகக் கொண்டாடினார்கள். ஏப்ரல் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு நகரப் பேருந்தில் போனவர்களைக் கேட்டால் மீதிக் கதையைச் சொல்வார்கள். பருத்தி டிரில், லினன், கொஞ்சம் கனமான கதர் மூன்றில் ஒன்றை எடுங்கள். கசங்கும், கசங்கட்டும்.

*

அமெரிக்காவில் இருக்கும் மகன் பழைய துணிக் கடையில் வாங்கிய ‘மெட்ராஸ்’ கட்டம் போட்ட சட்டை ஒன்றை அனுப்பினான். அறுபதுகளில் தைத்ததாம். ஒருமுறை நனைத்ததற்கே சாயம் போய்விட்டது. ஏமாந்துவிட்டானா?
— ஒரு வாசகர், சென்னை

ஏமாறவில்லை, சாயம் போவதுதான் அதன் பெருமை. சென்னையைச் சுற்றியுள்ள தறிகளில் நெய்த இந்தக் கட்டம் போட்ட பருத்தித் துணியின் இழைகளுக்கு ஏற்றிய சாயம் தண்ணீரில் கசிந்து, பக்கத்துக் கட்டங்களோடு கலந்து மங்கும். ஐம்பதுகளின் இறுதியில் அமெரிக்கக் கடைகளில் விற்றபோது வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் குறையையே குணமாக்கி, ‘சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று விற்றார்கள். கல்லூரி மாணவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். குளிர்ந்த நீரில், கொஞ்சம் உப்புப் போட்டு, தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெள்ளை வேட்டியோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

இதே குடும்பத்துத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் பல நூற்றாண்டுகளாகப் போயிருக்கிறது. நைஜீரியாவின் கலாபரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் இடுப்பில் கட்டுகிறார்கள். நாமோ அதே கட்டத்தைக் கைலி என்று சொல்லி, அதைக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு மேல் போவதில்லை. உங்கள் சட்டையை வெள்ளை அல்லது காக்கி பேண்டோடு அணியுங்கள். வேறு எந்த உடுப்பிலும் கட்டம் வேண்டாம்.

*

தாத்தாவின் பழைய சேவிங் ரேஸர் கிடைத்தது. இரண்டு பக்கமும் பிளேடு தெரியும் வகை. பயன்படுத்திப் பார்த்ததில் முகமெல்லாம் வெட்டு. எங்கே தவறு?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

தவறு கையின் அழுத்தத்தில் இருக்கிறது. இன்றைய பல அடுக்கு ரேஸரை முகத்தில் அழுத்தி இழுத்தே நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பழைய வகையை அழுத்தவே கூடாது. உலோகத்தின் சொந்த எடையே போதும். பிளேடு தோலோடு சுமார் 30 பாகை சாய்வில் படும்படி பிடித்து, சிறு சிறு இழுப்பாக, முடி வளரும் திசையிலேயே முதல் முறை மழியுங்கள். வெந்நீரில் முகத்தை நனைத்து, பிரஷ்ஷால் நுரையை இரண்டு நிமிடம் தேய்த்த பிறகு தொடங்குவது அவசியம், ஏனெனில் நனைந்து ஊறிய முடி எளிதாக அறுபடும். தாடையின் வளைவிலும் தொண்டைக் குழியிலும் இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரப் படிகாரக் கட்டியை ஒருமுறை தடவுங்கள். எரிகிற இடமெல்லாம் நீங்கள் அழுத்திய இடம். ஒரு வாரம் அந்த எரிச்சலைக் கவனித்தாலே கை திருந்திவிடும்.

முதலில் ரேஸரைப் பிரித்து, பழைய பல் துலக்கியும் சோப்பும் கொண்டு இடுக்குகளில் உறைந்த சோப்பைத் தேய்த்து எடுங்கள். முலாம் உரிந்து துரு தெரியும் ரேஸரை முகத்துக்கு எடுக்க வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும்.

இந்தக் கருவியின் தொடக்கம் வேடிக்கையானது. கில்லெட் நிறுவனம் 1903-இல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு இதை வழங்கிய பிறகுதான், நாவிதரிடம் போகாமல் தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஊன்றியது.

*

என் தாத்தா வெள்ளிக்கிழமைகளில் அத்தர் தொட்டுக்கொள்வார். அதே பெயர் போட்ட அத்தரை வாங்கினேன். அந்த மணம் இல்லை. என் நினைவு பொய்யா, அத்தர் பொய்யா? அசல் புனுகு வாங்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

நினைவும் கொஞ்சம் பொய் சொல்லும். ஆனால் இந்த வழக்கில் பெரும்பாலும் அத்தர்தான் மாறியிருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் இன்றும் பழைய முறையில் அத்தர் வடிக்கிறார்கள். ‘தேக்’ என்ற செப்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகு எரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் ‘பப்கா’ என்ற குடத்துக்கு வரும். அந்தக் குடத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பூவின் மணத்தைச் சந்தனம் வாங்கிக்கொள்ளும். நீரைப் பிரித்து எடுத்துவிட்டு, மறுநாள் புதுப் பூ, அதே எண்ணெய். இப்படிப் பல நாள்கள். பிறகு ஒட்டகத் தோல் குப்பியில் அடைத்து வைத்தால், மிஞ்சிய ஈரம் தோல் வழியாகக் கசிந்து போகும். ஆகவே உங்கள் தாத்தாவின் மல்லிகை அத்தரில் பாதி மணம் சந்தனத்துடையது. சந்தன எண்ணெயின் விலை ஏறிய பிறகு, அதன் இடத்தில் மணமில்லாத பாரஃபின் எண்ணெயையும் வேறு கரைப்பான்களையும் ஊற்றும் வழக்கம் பரவியது. பெயர் அதேதான், அடியில் தாங்கிக்கொண்டிருந்தது போய்விட்டது.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். பூ மணம் அடங்கி, பால் போன்ற மென்மையான ஒரு மர மணம் மிஞ்சினால் அதில் சந்தனம் இருக்கிறது. முதல் நிமிடத்தில் மூக்கைத் துளைத்து, பிறகு எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சினால் அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம். சென்னையில் இருந்தால் திருவல்லிக்கேணியில், இல்லையென்றால் நாகூரில் தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அவசரப்படாமல் முகர்ந்து பார்க்கலாம். மண் அத்தர் கிடைத்தால் ஒரு சிறு குப்பி வாங்கிவிடுங்கள்: சுட்ட மண்ணை வடித்து எடுக்கும் அந்த மணம்தான் முதல் மழையின் மணம். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் அந்த மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தபோது, கன்னோஜில் அது ஏற்கெனவே குப்பியில் விற்றுக்கொண்டிருந்தது.

மேல்நாட்டுப் பழைய சென்டுகளைத் தேடுகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. காரணம் மட்டும் வேறு. ஓக் மரத்தில் படரும் ஒரு பாசியின் சாறு பல பழைய கலவைகளுக்கு அடித்தளம். அதிலுள்ள, ஒவ்வாமை உண்டாக்கும் இரண்டு பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது; அதே பெயரில் வந்துகொண்டிருந்த சென்டுகளின் செய்முறையை மாற்ற வேண்டியதாயிற்று.

புனுகு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அசல் புனுகு என்பது புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து எடுப்பது. நம் நாட்டில் அந்த விலங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. யாராவது அசல் என்று சொல்லி விற்றால், பொய்யாக இருந்தால் பண நட்டம். உண்மையாக இருந்தால் சட்டச் சிக்கல். இரண்டும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ளும் முறையில் உங்கள் தாத்தாவையே பின்பற்றுங்கள். சிறு பஞ்சில் ஒற்றிக் காதுமடலின் உள்வளைவில் வைத்தால் வெயிலிலும் மாலை வரை நிற்கும். எதையும் பட்டில் தெளிக்க வேண்டாம். அம்மாவின் மாம்பழ நிறப் புடவையில் நான் ஓடிகோலோன் தெளித்து உண்டாக்கிய கறை, எல்லாத் திருமணங்களுக்கும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி கட்டிக்கொள்கிறேன்.

*

பாட்டி காலத்து முறையில் கண்மை தீட்டிக்கொள்ள விரும்புகிறேன். வீட்டில் செய்வதா, சுருமா வாங்குவதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

சுருமா வேண்டாம். பழைய முறைச் சுருமாவின் மூலப்பொருள் பெரும்பாலும் கலீனா என்ற ஈயத் தாது. பொடித்துக் கண்ணில் இட்டால் ஈயம் உடலுக்குள் போகும். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் அது மிகவும் ஆபத்து. பழையது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து விளக்கெண்ணெயில் குழைக்கும் மையில் ஈயம் இல்லை. ஆனாலும் கரித்தூள் இமைக்கு உள்ளே போனால் கண் உறுத்தும். உள்ளிமையில் தீட்டாமல், இமையின் வெளிவிளிம்பில், கடைக்கண்ணில் ஒரு நூல் நீட்டி விடுங்கள். அந்தக் காலத்து முகங்களில் கண் பெரிதாகத் தெரிந்ததற்கு அந்த நீட்டல்தான் முக்கியக் காரணம். கோண வகிடும், காதுக்கு மேல் தளர்த்தி வாரிய கூந்தலும் சேர்ந்தால் வேறு ஒப்பனை தேவைப்படாது.

*

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. இணையத்தில் அதே மாடல் பளபளவென்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இதைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா?
— ஒரு வாசகர், சேலம்

அப்பாவுடையதைச் சரிசெய்யுங்கள். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு ஒப்புதல் தந்தது. ஆகவே இன்று பளபளவென்று வருகிறவற்றில் பல, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து, முகப்புத் தட்டுக்கு மறுபடி வண்ணம் பூசியவை. கத்தரிப்பூ நிறத்திலோ கிளிப்பச்சையிலோ ஜனதாவைக் கண்டால் சந்தேகப்படுங்கள். எழுத்துகளின் விளிம்பு கரைந்திருப்பதும், முள்கள் நிமிடக் கோட்டை எட்டாமல் குட்டையாக நிற்பதும் கைவேலையின் அடையாளங்கள்.

உங்களிடம் இருப்பதற்குச் சாவி கொடுத்துப் பார்க்க வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்ததில் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு தேயும். சாவிக் கடிகாரம் பழுது பார்க்கும் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். தட்டை மட்டும் மெருகேற்ற வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேட்காமலே செய்துவிடுகிறவர்கள் உண்டு. ஓடத் தொடங்கிய பின் தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடுங்கள். மணிக்கட்டில் கட்டியபடியே திருகினால் திருகுத்தண்டு ஒரு பக்கமாக வளையும்.